உழாத கொல்லையின் புகைக் கணக்கு

செப்டம்பர் 16

செய்த வேலை: இல்லை.
டீசல்: இல்லை.
உரம்: இல்லை.
குறிப்பு: எழுதுபவன் அங்கமுத்து. ஊர் தொண்டமேடு, பெரம்பலூர் பக்கம். சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவன். இந்த ஊர்க் கொல்லைகளில் முக்கால்வாசியை உழுது கொடுத்தவன். என் வீட்டு மேட்டுக்கொல்லை இரண்டு ஏக்கரை மட்டும் இந்த வருஷம் நான் உழக் கூடாதாம். அப்படிக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் என் மனைவி பவளக்கொடி. கொல்லை அவள் பேரில் இருக்கிறது. என் பேரில் டிராக்டர் மட்டும்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். கம்பெனிக்காரர்கள் மக்காச்சோளத்தைக் காய்ச்சி எத்தனால் எடுத்து, பெட்ரோலில் கலக்க அனுப்புகிறார்கள். வாங்குகிறவர்கள் இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்களாம்: இந்த எத்தனாலை உண்டாக்க எவ்வளவு புகை போனது? ஆலையில் போனது மட்டும் போதாது, கொல்லையில் போனதும் கணக்கில் வர வேண்டும். உழுதால் டீசல் எரிகிறது. போதாக்குறைக்கு மண்ணுக்குள் கிடக்கிற கரியும் கிளம்பி மேலே போய்விடுகிறதாம். ஆகவே உழக் கூடாது, அறுத்தபின் நிற்கிற சோளத் தட்டையைக் கொளுத்தக் கூடாது, யூரியாவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பதினோரு குடும்பம் சேர்ந்திருக்கிறது. தலைவி பவளக்கொடி. பிப்ரவரியில் சென்னையிலிருந்து சோதனைக்கு வருவார்கள். அதற்குள் ஒருவர் உழுதுவிட்டாலும் பதினோரு பேரும் வெளியே.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். இங்கே உழாதவனைக் கணக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் இந்தப் புத்தகம் என் தலையில் விழுந்தது. எழுதியதற்குக் கீழே வாரம் ஒருமுறை பவளக்கொடி கையெழுத்திட வேண்டும்.

கம்பெனி ஆபிசர் அன்சாரி நல்ல மாதிரி. "குறிப்புக் கட்டத்துல என்னா எழுதுறது தம்பி?" என்று கேட்டேன். "எதுனா எழுதுங்க ஐயா, அதை யாரும் படிக்கிறதில்ல. டீசல், உரம் ரெண்டை மட்டும் போட்டோ எடுத்துக்குவோம்" என்றார். மிகவும் நல்லது.

சரி பார்த்தேன் – ப.

செப்டம்பர் 18

செய்த வேலை: இல்லை. டீசல்: இல்லை.
குறிப்பு: ஊர் சிரித்தது.

செப்டம்பர் 24

நடேசன் டீக்கடையில் இன்று உட்கார முடியவில்லை. "என்னா அங்கமுத்து, ஊருக்கெல்லாம் உழுதுட்டு ஒன் கொல்லையை மட்டும் தாடி வளக்க வுட்டுட்ட?" என்றான் நடேசன். போன வருஷத்துத் தட்டை இன்னும் அப்படியே நிற்பதைச் சொல்கிறான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். டீயும் நன்றாக இல்லை.

நேற்றுக் கூட்டத்தில் அன்சாரி, மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் எங்கள் கொல்லைகளைப் படம் பிடிக்கும், உழுதாலும் கொளுத்தினாலும் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஊர் ஒரு மாதிரியாகிவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் வெள்ளையன் காலையில் கொல்லைப் பக்கம் ஒதுங்குவதை நிறுத்திவிட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் செம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். பவளக்கொடியின் தம்பி கொளஞ்சி தினமும் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக் கையாட்டுகிறான். கேட்டால், "நம்மள நல்லவன்னு நெனச்சிக்கட்டும் மாமா" என்கிறான்.

கம்பெனிக்கு ஒரு சந்தேகம்: பீடிப் புகையை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும்? ஒரு நாளைக்கு ஒரு கட்டு பிடிக்கிறேன். என் மனைவியின் வாயிலிருந்து வருகிற புகைக்கும் கட்டம் போட்டால் இன்னொரு புத்தகம் தேவைப்படும்.

சரி பார்த்தேன் – ப.

(இவள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறாள் என்று தெரிகிறது. படித்திருந்தால் இன்று எனக்குச் சோறு கிடைத்திருக்காது.)

அக்டோபர் 3

செய்த வேலை: விதைப்பு. டீசல்: இல்லை.
குறிப்பு: நல்ல மழை பெய்து ஓய்ந்த ஈரம். பதினோரு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஆளுக்கொரு கம்பி. தட்டைக்கு நடுவே குத்திக் குழி போட்டு, விதையை உள்ளே தள்ளிக் காலால் மூடிக்கொண்டே போனார்கள். பல்லாங்குழி ஆடுவதுபோல இருந்தது. இப்படி விதைத்தால் விளங்குமா?

நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசனை சொன்னேன். பவளக்கொடி ஒரு கம்பியை என் பக்கம் நீட்டி, "வாயால விதைச்சது போதும், எந்திரிங்க" என்றாள். எனக்கு இடுப்புப் பிடிப்பு. மாலையில் சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைத்தேன். ஒன்பது கொத்துக் கலப்பையின் கொழு முனை பளபளவென்று அப்படியே இருக்கிறது. போன வருஷம் இந்நேரம் மூச்சுவிட நேரமில்லாமல் உழுதுகொண்டிருப்பேன். இந்த வருஷம் இரண்டே பேர் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் மேலத்தெருப் பையன் வாங்கியிருக்கிற பெரிய வண்டியைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு வருத்தம் இல்லை. டீசல் மிச்சம்.

அக்டோபர் 11

முளைத்துவிட்டது. தற்செயல்.

மாரியம்மன் கோவிலுக்குப் போய் வந்தேன். இந்தக் கொல்லை வீணாகப் போக வேண்டும் என்று நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. வேறு வேலையாகப் போனேன்.

அக்டோபர் 13

மயில் முளையைக் கொத்துகிறது. காலையிலும் மாலையிலும் போய்த் தகரத்தைத் தட்டி விரட்டினேன். கொல்லை மேல் அக்கறையால் அல்ல. மயில் மேல் எனக்குப் பழைய கோபம்.

அக்டோபர் 29

இரண்டு நாளாகக் கொட்டித் தீர்க்கிறது. பக்கத்துக் கொல்லை வெள்ளையனுடையது, நான் உழுது கொடுத்தது. அங்கே மண் கரைந்து தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, பயிர் மஞ்சள் அடித்துவிட்டது. எங்கள் கொல்லையில் தட்டைக் குப்பைக்கு அடியில் மண் பஞ்சாக இருக்கிறது. தண்ணீர் நிற்கவில்லை. கையை விட்டுப் பார்த்தேன், மண்புழு நெளிகிறது.

வெள்ளையன் குடையோடு வரப்பில் நின்று இரண்டு கொல்லையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

சரி பார்த்தேன். மண்புழுவைக் கணக்கில் சேர்க்கவும் – ப.

(மண்புழுவைப் பற்றிச் சாப்பிடும்போது நான் வாய்விட்டுச் சொன்னேன், படித்து எழுதியதில்லை.)

நவம்பர் 14

செய்த வேலை: யூரியா ஒரு மூட்டை (வழக்கத்தில் பாதி). டீசல்: இல்லை.
குறிப்பு: பவளக்கொடி டிராக்டரின் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டாள். "எதுக்கு?" என்றேன். "ஒரு ஜெராக்ஸ் எடுக்கணும்" என்றாள். "எதுக்கு ஜெராக்ஸ்?" என்றேன். "எடுக்கத்தான்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மாதிரி பதில்தான். கொடுத்தேன்.

நவம்பர் 20

எனக்குத் தெரியாத ஒருவன் பைக்கில் வந்தான். பவளக்கொடி அவனை நேராக டிராக்டர் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். அவன் வண்டிக்குப் பின்னால் குனிந்து, கலப்பை மாட்டும் இடத்தை டேப் வைத்து அளந்தான். டயரைத் தட்டினான். வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். "எத்தன ஹெச்.பி.ம்மா?" என்று அவளிடம் கேட்டான். அவள் டக்கென்று சொன்னாள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் ஒரு வைக்கோல் கட்டுக்குப் பின்னால் வேறு வேலையாக நின்றிருந்தேன்.

"கண்டிசன் நல்லாருக்குது. சொல்லி அனுப்புறோம்" என்று போனான்.

எருமை வாங்க வருகிறவனும் இப்படித்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். புரிந்துவிட்டது. இவள் என் வண்டியை விற்கப் போகிறாள்.

நவம்பர் 21

சாப்பிடவில்லை. மதியம் மட்டும் சாப்பிட்டேன், கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

யாரிடம் போய் என்னவென்று சொல்வேன்? உழாமலே விளையும் என்று அவளே ஊருக்குக் காட்டிவிட்டால், உழுகிற வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருப்பதால்தான் எரிச்சலாக இருக்கிறது. வண்டி போய்விட்டால் இந்த ஊரில் நான் யார்? 'டிராக்டர்க்கார அங்கமுத்து' என்பதில் முன்பாதி போனால் மிச்சம் வெறும் அங்கமுத்து. அப்படி நாலு பேர் ஊரில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

சரி பார்த்தேன் – ப.

டிசம்பர் 2

படைப்புழு வந்துவிட்டது. ஊர் முழுக்க மக்காச்சோளக் குருத்தைத் தின்கிறது. நான் விடிந்ததும் போய் ஒவ்வொரு குருத்தாகப் பிரித்துப் பார்த்துப் புழுவை நசுக்கிவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். அன்சாரி பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு இந்தக் கொல்லை மேல பாசம் வந்துட்டுது போலருக்கே" என்றார்.

"பாசமும் இல்ல, பருப்பும் இல்ல. வீட்ல இருந்தா திட்டு வாங்கணும்" என்றேன்.

பயிர் என் தோளுக்கு வந்துவிட்டது. இதைச் சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். எங்களுக்கு மாடு இல்லை. வண்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, கரும்பு கட்டினேன். மாலை வாங்கி வரவில்லை, எப்படியும் போகிற வண்டிதானே என்று விட்டுவிட்டேன். கொட்டகைக்குப் போனால் சாமந்தி மாலை கிடந்தது. பவளக்கொடி போட்டிருக்கிறாள். வெட்டுவதற்கு முன் வெள்ளாட்டுக் கிடாவுக்கும் மாலை போடுவார்கள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அழவில்லை.

சரி பார்த்தேன் – ப.

பிப்ரவரி 2

செய்த வேலை: அறுவடை முடிந்து, முத்து உதிர்த்து, காய வைத்து, மூட்டை பிடித்தது. தட்டை கொல்லையிலேயே கிடக்கிறது.
குறிப்பு: விளைச்சல் போன வருஷத்தைவிடக் குறையவில்லை. கொஞ்சம் கூடவே. தற்செயல் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் சோளம் மற்ற சோளத்தோடு கலந்துவிடக் கூடாதாம். அதனால் ஒவ்வொரு மூட்டை வாயிலும் ஒரு சீட்டு: யார் வீடு, எத்தனையாவது மூட்டை. தலைவி என்பதால் பவளக்கொடியே கட்டினாள். மூட்டைகளை நடுவீட்டில் அடுக்கியிருக்கிறோம்.

மாலையில் அவள் போனில் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை, கதவுக்குப் பின்னால் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். "பதினஞ்சாந்தேதி வண்டி தயாரா இருக்கும் சார். நீங்க வாங்க… இல்ல, அவருகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா மனுசன் தூங்க மாட்டாரு."

தேதி குறித்துவிட்டாள்.

பிப்ரவரி 3

முக்கிய அறிவிப்பு: டிராக்டரின் டாப் லிங்க்கைக் காணவில்லை. வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவே மேலே மாட்டுகிற, ஒரு முழ நீள இரும்புத் தண்டு அது. அது இல்லாமல் வண்டியில் எதையும் மாட்டி ஓட்ட முடியாது. எங்கள் வண்டி பழசு, வேறு வண்டியின் தண்டு இதற்குச் சேராது. அது இல்லாத வண்டியை எவனும் நல்ல விலைக்கு வாங்க மாட்டான் என்பது பொதுவான தகவல். யார் எடுத்தார்களோ தெரியவில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது.

இன்னொரு அறிவிப்பு, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை: 31ஆம் மூட்டை ஈரமாக இருக்கிறது. அதை யாரும் தூக்கவோ பிரிக்கவோ வேண்டாம். தனியாக வைத்துப் பிறகு நானே காய வைத்துக்கொள்கிறேன். பதினஞ்சாம் தேதிக்கு மேல் காய்ந்துவிடும்.

சரி பார்த்தேன் – ப.

பிப்ரவரி 7

நாசமாய்ப் போச்சு.

காலையில் அத்தை பேரனுக்குக் காதுகுத்து. கம்பெனி லாரி பத்தாம் தேதிதான் வரும் என்று சொல்லியிருந்ததால் நிம்மதியாகப் போனேன். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் நடுவீடு கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருக்கிறது. "லாரி இன்னிக்கே வந்துடுச்சிங்க. ஏத்தி அனுப்பியாச்சு" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"பின்ன பாதியவா?"

"முப்பத்தொண்ணு… அது ஈரம்னு எழுதி வச்சேனே?"

"அப்படியா? எங்க எழுதுனீங்க?" என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

பிப்ரவரி 8

கம்பெனிக்குப் போனேன். சும்மா, சுற்றிப் பார்க்க.

அன்சாரி வெளியூர் போயிருந்தார். காவலாளி நல்ல மனுஷன், கூட்டிப்போய்க் காட்டினார். நேற்று வந்த மூட்டையெல்லாம் நேற்றே குழியில் கொட்டியாகிவிட்டதாம். குழியிலிருந்து சோளம் மேலே ஏறி, மாவாகி, வெந்து, ஈஸ்ட் போட்டுப் பெரிய பெரிய தொட்டிகளில் புளிக்கிறது. நம் வீட்டு இட்லி மாவு பொங்குவதுபோல நுரைத்துக்கொண்டு நிற்கிறது. புளிக்கும்போது கிளம்புகிற வாயுவையும் விடுவதில்லை. பிடித்துச் சோடாக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். கொதிகலனுக்கு நிலக்கரி கிடையாது, முத்து உதிர்த்த சோளக் கட்டையும் கடலைத் தோலும்தான். கடைசியில் மிஞ்சுகிற சக்கை மாட்டுத் தீவனம். எதையும் வீணாக்க மாட்டார்கள் போலிருக்கிறது. அப்படியானால் இரும்பையும் விட்டிருக்க மாட்டார்கள்.

"நடுவுல இரும்பு கிரும்பு வந்தா என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"இரும்பா? எதுக்கு வரப்போவுது? என்னா தேடுறீங்க நீங்க?"

"ஈரம் எப்புடி இருக்குன்னு பாக்க வந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இங்க உள்ளதைக் குடிக்க முடியாதுங்க, மருந்து கலந்து வுட்டுடுவாங்க" என்றார். அந்த எண்ணத்தில் வருகிறவர்கள் நிறைய பேர் போலிருக்கிறது. நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நம்பவில்லை.

பஸ்ஸில் வரும்போது முன்னால் போன ஒவ்வொரு பைக்கையும் பார்த்தேன். என் டாப் லிங்க் இப்போது எவன் வண்டியில் எரிகிறதோ. பதினெட்டு வருஷம் என்னோடு உழைத்த இரும்பு. வண்டி விற்கக் கூடாது என்றுதான் ஒளித்… காணாமல் போனது. இப்போது வண்டியை வைத்துக்கொண்டாலும் ஓட்ட முடியாது. மனசு ரொம்ப வலிக்கிறது. இதை மறைக்க ஒன்றுமில்லை.

பிப்ரவரி 13

செய்த வேலை: காவல்.
குறிப்பு: காலையில் கொளஞ்சி வந்து கொட்டகையில் கலப்பையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னா மாப்ள?"

"நாளன்னிக்கி சென்னையிலேருந்து பெரிய ஆபிசருங்க வர்றாங்களாம் மாமா. நம்ம கொல்லை தட்டையும் குப்பையுமா அசிங்கமா கெடக்குது. விருந்தாளி வர்ற வூட்டைக் கூட்டாமலா வுடுவாங்க? ஒரே ஓட்டு ஓட்டிச் சுத்தமா வச்சிடுவோம்."

நான் கலப்பை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "உழக் கூடாதுன்னுதானடா இவ்ளோ பாடு!"

"அதான் அறுத்தாச்சே மாமா? அறுப்பு வரைக்குந்தான கண்டிசன்?"

இவன் ஐந்து மாதமாக வானத்தைப் பார்த்துக் கையாட்டியதுதான் மிச்சம். கூட்டத்தில் சொன்ன ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. பதினோரு குடும்பம், பவளக்கொடி கொடுத்த வாக்கு, எல்லாம் இவன் கூட்டிப் பெருக்குவதில் போயிருக்கும். நல்லவேளை, மாட்ட டாப் லிங்க் இல்லை. "எங்க மாமா அது?" என்று தேடினான். "திருடன் கொண்டு போயிட்டான்" என்றேன். "திருடன் நல்லாருக்கணும்" என்றும் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

மேலத்தெருப் பையன் வண்டியைக் கூப்பிட்டுவிடுவானோ என்று பயம். கொல்லைக்குப் போய்த் தட்டை மேல் துண்டை விரித்துப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன், காற்று வாங்க. பவளக்கொடி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வெயில்ல தலைக்குத் துண்டு கட்டுங்க" என்றாள்.

வேடிக்கையைப் பாருங்கள். இந்தக் கொல்லை விளங்கக் கூடாது என்று நினைத்தவன் நான்.

பிப்ரவரி 15

செய்த வேலை, டீசல் எல்லாம் கடைசியில் எழுதுகிறேன்.

காலையில் இரண்டு ஜீப், ஒரு மினி லாரி. சென்னையிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு சாரும், கூட அன்சாரி, அன்றைக்குப் பைக்கில் வந்து வண்டியை அளந்தவன். ஊரே திரண்டு நின்றது. கொளஞ்சி புதுச்சட்டை போட்டிருந்தான். அந்த அம்மா கொல்லையில் இறங்கி, தட்டையை விலக்கி மண்ணை அள்ளி மோந்து பார்த்தார். கம்பியைச் செருகி ஆழம் பார்த்தார். "உழவு பட்ட அடையாளமே இல்ல. ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்றார். பதினோரு பெண்களும் பவளக்கொடியைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வை என்றாள்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, வண்டியை எப்போது அவிழ்த்துக்கொண்டு போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மினி லாரியிலிருந்து ஒரு சாமானை இறக்கினார்கள். புத்தம் புதுசு. நாலு பெட்டி, நாலு வட்டத் தகடு. தகடு தட்டையை வெட்டி மண்ணில் கோடு கீறும், பெட்டியிலிருந்து விதை அதில் விழும், பின்னால் ஒரு சக்கரம் மூடிக்கொண்டே வரும். உழாமல் விதைக்கிற மிஷின். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டுவது.

வண்டியை அளந்தவன் ஒரு தாளை எடுத்துப் படித்தான். பதினோரு குடும்பத்துக்கும், அடுத்த வருஷம் சேருகிறவர்களுக்கும் இந்த மிஷினால் விதைத்துக் கொடுக்கிற வண்டி, தொண்டமேடு அங்கமுத்துவின் டிராக்டர். ஓட்டுநர்: அங்கமுத்து. விண்ணப்பித்தவர்: பவளக்கொடி. ஆர்.சி. நகல் இணைக்கப்பட்டுள்ளது.

தாளை எட்டிப் பார்த்தேன், என் பேர்தான் இருந்தது.

"வெள்ளையண்ணன் கொல்லையும் சேருது. நடேசனும் பேரு குடுத்துருக்காரு" என்றாள் பவளக்கொடி. நடேசன் தலையைச் சொறிந்தான். "உழவுக்கு ஒங்களக் கூப்புடுறது கொறைஞ்சிக்கிட்டே வருது. கொட்டகையில ஒக்காந்து வண்டியத் தொடச்சிக்கிட்டே இருந்தீங்க. எனக்குப் பாக்கச் சகிக்கல. வண்டிக்கு ஒரு வேல வேணும்னுதான் நான் இதுல சேந்ததே. குடுப்பாங்களோ மாட்டாங்களோன்னு ஒங்ககிட்ட சொல்லல."

எல்லாரும் கைதட்டினார்கள். "ஒரு வரி ஓட்டிக் காட்டுங்க ஐயா" என்றார் சென்னை சார்.

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று நினைத்தேன். "வண்டி… வண்டிக்கு டாப் லிங்க் இல்லீங்க. திருட்டுப் போயிடுச்சு."

அன்சாரி ஜீப்பிலிருந்து ஒரு சாக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பிரித்தார். என் டாப் லிங்க்! எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள்.

"சோளம் கொட்டுற குழிக்கு மேல கம்பி வலை இருக்கு. மூட்டையை அவுத்துக் கொட்டுனப்போ 'டங்'குன்னு விழுந்துச்சாம். ஆளுங்க பயந்து போயிட்டாங்க" என்றார். "எந்த வீட்டு மூட்டைன்னு தேடவே வேண்டியதில்ல. மத்த மூட்டைக்கெல்லாம் ஒரு சீட்டு, இதுக்கு மட்டும் ரெண்டு சீட்டு. பவளக்கொடி, முப்பத்தொண்ணு."

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. மேலே சுற்றுகிறதும் பார்த்திருக்கும்.

"எலி இழுத்துட்டுப் போயி மூட்டைக்குள்ள வச்சிருக்கும்" என்றேன்.

"எலிக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியுமாங்க?" என்றாள் பவளக்கொடி.

வெள்ளையன் சிரித்த சிரிப்பில் பல் செட் கழன்று தட்டைக்குள் விழுந்துவிட்டது. அதைத் தேடுவதில் கொஞ்ச நேரம் போனதால் என் மானம் கொஞ்சம் பிழைத்தது.

மாட்டினேன். கிளப்பினேன். சாவியைத் திருகியதுமே வண்டி கிளம்பியது. உழாத மண்ணில், தாடியும் மீசையுமாகக் கிடக்கிற என் கொல்லையில், கலப்பை இல்லாமல் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரு வரி ஓட்டினேன். திரும்பிப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. பவளக்கொடி வரப்போடு கூடவே நடந்து வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவளையா நான் சந்தேகப்பட்டேன் என்று இருந்தது.

செய்த வேலை: விதைப்பு மிஷின் ஓட்டிக் காட்டியது.
டீசல்: அரை லிட்டர்.
உரம்: இல்லை.
குறிப்பு: டிராக்டர்க்கார அங்கமுத்து நலம். டாப் லிங்க் எப்படி மூட்டைக்குள் போனது என்பது இன்றுவரை தெரியவில்லை.

சரி பார்த்தேன். எல்லாக் குறிப்பையும் அன்றன்றைக்கே படித்தேன். 31ஆம் மூட்டையில் ஈரம் இல்லை. கொல்லையை ஓட்டிச் சுத்தம் பண்ண வேண்டும் என்று தம்பி அப்போதே சொல்லிக்கொண்டிருந்தான். டாப் லிங்க் அவன் கண்ணில் பட்டால் உழுதுவிடுவான் என்றுதான் லாரியை முன்னாடியே வரச் சொல்லி அந்த மூட்டையை முதலில் ஏற்றினேன். தொலைந்துவிடக் கூடாதே என்று ரெண்டு சீட்டுக் கட்டினேன். – ப.